அரசாங்கக் காகிதத்தில் நம் பெயர்

(பொன்விழாக் குடும்ப நாளில் நூலகர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொன்விழா காணும் சங்கத்துக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். செயலாளர் எங்களை அழைத்தபோது, வாசிப்பின் அருமையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். அதை எங்களைவிட அழகாகச் சொல்லக்கூடிய ஆசிரியப் பெருமக்கள் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். நூலகப் பணியில் இருக்கும் நாங்கள் அன்றாடம் புழங்குவது வேறு வகைத் தாள்களோடு. அரசிதழ், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை, சட்டத் தொகுப்பு, பழைய செய்தித்தாளின் மூலையில் வந்த அறிவிப்பு என்று, பொழுதுபோக்குக்காக யாரும் கையில் எடுக்காத தாள்கள் அவை. இப்போது அவற்றில் பெரும்பகுதி இணையத்தில் இருக்கிறது. இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பிரியாணி மணம் வருகிற நேரத்தில் இது கொஞ்சம் வறட்சியான தலைப்புதான். ஆனால் உங்கள் பாட்டனாரின் பெயர் எந்த நாவலிலும் வந்திருக்காது. இந்தத் தாள்களில் வந்திருக்க வாய்ப்பு உண்டு.

முதலில் ஒரு நூலைச் சொல்கிறோம். நாகூரைச் சேர்ந்த முகம்மது அப்துல் காதிறுப் புலவர் பாடிய ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அச்சானது. இங்கே அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைக்கும் தமிழ் இலக்கிய நூல்களில் அதுவே மிகப் பழையது என்று கொள்கிறார்கள். இறைவனிடம் இறைஞ்சும் பாடல்கள் கொண்ட அந்த நூலை அச்சிட்டவர் யார் தெரியுமா? ஜே. பேட்டன் என்ற அரசாங்க அச்சகர். முனாஜாத்தும் அரசாங்க அச்சும் ஒரே முகப்பில் இருக்கின்றன. இந்த ஊரில் நம் சமூகத்தின் எழுத்துக்கும் அரசாங்கத்தின் காகிதத்துக்கும் உள்ள உறவு அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

அடுத்ததாக ஒரு சட்டம். நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கம் 1886இல் நூல் பதிவுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய இடங்களில் எந்த மொழியில் எந்த நூலை அச்சிட்டாலும் அதன் படிகளை அரசாங்கத்திடம் ஒப்படைத்துப் பதிய வேண்டும். பதிவான நூல்களின் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் வெளிவந்தது. நூலின் பெயர், மொழி, எழுதியவர், அச்சகம், பக்கம், எத்தனை படி அச்சடித்தார்கள், விலை என்ன என்று கட்டம் கட்டமாக அதில் இருக்கும். அந்தக் கால அரசாங்கம் தமிழின் மீது கொண்ட பாசத்தால் இதைச் செய்யவில்லை. தன் ஆட்சிக்குள் யார் எதை அச்சிடுகிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பதில் அதற்கு அக்கறை இருந்தது. நோக்கம் எதுவானால் என்ன? நம் முன்னோர் அச்சிட்டு, விற்று, கறையானுக்கும் ஈரத்துக்கும் பறிகொடுத்த நூல்கள் பலவற்றின் பெயராவது நமக்குத் தெரிய வருவது அந்தக் கட்டங்களால்தான்.

அடுத்த ஆண்டு, 1887 ஜூன் 27ஆம் நாள், விக்டோரியா மகாராணியாரின் பொன்விழாவை ஒட்டி ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழ் வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு. தீனோதய வேந்திரசாலை என்ற தம் அச்சகத்தில் அதை அச்சிட்டார். 1890 வரை வந்தது. அந்த இதழ்கள் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன. நூலகங்களின் அலமாரியில் போய்ச் சேர்ந்தது அவற்றைக் காப்பாற்றியது. சந்தா கட்டி வாங்கிய வீடுகளில் இருந்த படிகள் என்ன ஆயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஜெர்மானிய ஆய்வாளர் டார்ஸ்டன் சாக்கர் சிங்கப்பூரின் இந்திய முஸ்லிம்களைப் பற்றி 2017இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். நம்மைப் பற்றித் தேடிப் படிக்க அவர் ஜெர்மனியிலிருந்து வந்தார். விக்டோரியா ஸ்திரீட்டுக்கு நாம் எம்ஆர்டியில் போய்விடலாம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நிறையப் பொருள்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன.

தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ தளத்தில் 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல் பல மொழிப் பத்திரிகைகளையும் பார்க்கலாம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. மிகப் பழையவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். அண்மைக்காலத்தவற்றுக்கு நூலகத்துக் கணினிக்கு வர வேண்டும். ‘புக் எஸ்ஜி’யில் அரிய நூல்கள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படங்களும் வரைபடங்களும் ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தமிழிலும் பலரைப் பேட்டி கண்டு பதிவு செய்திருக்கிறது. 2015இல் நாட்டின் பொன்விழாவுக்குத் தமிழ்ச் சமூகம் கொடுத்த அன்பளிப்பாக, 1965 முதல் வெளிவந்த 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. இவை எதற்கும் கட்டணம் கிடையாது.

“தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை” என்று எங்களிடம் வருகிறவர்கள் மிகப் பலர். கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் நாம் அல்லர். துறைமுகத்திலும் பதிவு அலுவலகத்திலும் பத்திரிகை அச்சகத்திலும் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். மரைக்காயர் ஒரு தாளில் மரிக்கார், இன்னொரு தாளில் மரிக்கான், பினாங்குப் பக்கம் போனால் மெரிக்கன். இராவுத்தர் ரௌதர் ஆனார், ராவ்தர் ஆனார். லெப்பை லப்பையும் ஆனார், லெபியும் ஆனார். சாயபுவின் கடைசியில் ஒரு ‘ஓ’ போட்டவரும் உண்டு, இரண்டு ‘ஓ’ போட்டவரும் உண்டு, சாஹிப் என்று திருத்தி எழுதியவரும் உண்டு. ஷாகுல் ஹமீதுக்கு ‘எஸ்’ஸுக்குப் பக்கத்தில் ‘எச்’ இருக்குமா இருக்காதா என்பது அன்றைக்கு எழுதியவரின் மனநிலையைப் பொறுத்தது. முஹம்மது என்ற திருப்பெயருக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று பிள்ளைகள் இன்றைக்கு வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். அத்தாவின் அடையாள அட்டையில் ஒன்று இருக்கும், பெரியத்தாவின் அட்டையில் வேறொன்று இருக்கும். உடன்பிறந்தவர்கள் இருவர் ஒரே கப்பலில் வந்து, ஒரே வரிசையில் நின்று, இரண்டு குடும்பங்களாகப் பிரிந்து போய்விட்டார்கள் காகிதத்தில்!

இதோடு முடியவில்லை. தகப்பனார் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதில் குழப்பம். ஊரின் பெயரையே குடும்பப் பெயர் என்று நினைத்து எழுதிய இடங்களும் உண்டு. தமிழில் தலைப்பெழுத்தாக நின்ற ‘கா’வும் ‘மு’வும் ஆங்கிலத்துக்குப் போகும்போது வேறு எழுத்தாகிவிடும்.

ஆகவே பெயரை வைத்துத் தேட்டத்தைத் தொடங்காதீர்கள். மாறாமல் இருந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கடை இருந்த தெரு, கடையின் கதவு எண், பங்காளியின் பெயர், விபத்தோ தீயோ நேர்ந்த ஆண்டு, இப்படி ஏதாவது ஒன்று. பழைய பத்திரிகைகளில் நம்மவர்கள் பெயர் அதிகமாக வருவது செய்திப் பத்தியில் அன்று, அறிவிப்புப் பத்தியில். கூட்டு வணிகம் கலைக்கப்பட்டது என்று ஓர் அறிவிப்பு வரும். ஊருக்குப் போகும்போது மைத்துனருக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் இன்று முதல் செல்லாது என்று இன்னொன்று வரும். (அந்த மைத்துனரின் வாரிசுகள் இங்கே இருந்தால் வருத்தப்பட வேண்டாம். பெரும்பாலும் பிறகு சமாதானம் ஆகியிருப்பார்கள்.) மூன்று வரி அறிவிப்புதான். ஆனால் கடை எங்கே இருந்தது, யாரோடு சேர்ந்து நடத்தினார், எப்போது பிரிந்தார் என்று ஒரு வாழ்க்கையின் எலும்புக்கூடு அதில் இருக்கும்.

அன்றைய சொற்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் முஸ்லிம் என்று இன்று நாம் சொல்வதை வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்களில் தேடினால் ஒன்றும் அகப்படாது. அங்கே நாம் சூலியா, அல்லது கிளிங். இரண்டாவது சொல் காதுக்கு இனிக்காது. அதன் இழிவு பொறுக்காமல்தான் கிளிங் ஸ்திரீட் 1920களின் தொடக்கத்தில் சூலியா ஸ்திரீட் ஆனது. ஆனாலும் தேடும்போது அதையும் தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். சமயத்துக்கும் அப்படியே, முஸ்லிம் என்பதற்கு முன்னால் மொஸ்லெம், அதற்கு முன்னால் மகமதியன். இன்னொரு பக்கம், நம் பெரியவர்கள் சொன்ன பெயர்கள் அரசாங்கத் தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டின் ஜாமிஆ பள்ளிவாசல் நமக்குப் பெரிய பள்ளி. தெலுக் ஆயர் ஸ்திரீட்டின் அல் அப்ரார் நமக்குக் குச்சுப் பள்ளி. ஜாமிஆ, அல் அப்ரார், நாகூர் தர்கா மூன்றையும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தபோது அரசிதழுக்குப் போனவை அதிகாரபூர்வப் பெயர்கள். குச்சுப் பள்ளி என்ற பெயரோடுதான் 1827இல் அங்கே ஓலைக் குடிசையாகத் தொடங்கியதன் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எழுதி வைப்பது நம் பொறுப்பாகிறது.

கணக்கெடுப்பு அறிக்கைகளுக்கு வருவோம். எண்கள் பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் எண்ணுவதற்கு முன் யாரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார் அல்லவா? நீரிணைக் குடியேற்றங்களின் 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்’ என்று ஒரு பிரிவு உண்டு. ‘மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற மக்களும்’ என்று மற்றொரு பிரிவு உண்டு. இங்கே மணம் முடித்த நம்மவர்களுக்கும் மலாய்த் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகளை ஜாவி பெக்கான் என்று அழைத்தார்கள். அவர்களை அந்த அறிக்கை இரண்டாவது பிரிவில் சேர்த்திருக்கிறது. வாப்பா ஒரு பக்கத்தில், மகன் இன்னொரு பக்கத்தில். உங்களில் சிலர் குடும்பத்தில் ஒரு கிளை எங்கே போனது என்று தெரியவில்லை என்பீர்கள். அது எங்கும் போகவில்லை, பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது.

இன்றைய எண்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான இந்தியர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். புள்ளிவிவரத் துறையின் தளத்தில் யாரும் பார்க்கலாம். சங்கங்கள் தங்கள் கடிதங்களில் இந்த எண்ணைத் தமிழ் முஸ்லிம்களின் எண்ணாகப் பயன்படுத்துவதை நாங்கள் பார்க்கிறோம். அது இந்திய முஸ்லிம்களின் எண். மலையாளிகள், குஜராத்திகள், வட இந்தியர்கள் எல்லாரும் அதில் அடக்கம். மானியம் கேட்டு எழுதும்போது இந்த வேறுபாடு தெரிந்தவர் மேசைக்குப் போனால் நம் கடிதத்தின் மதிப்பு குறைந்துவிடும்.

இனி நாங்கள் சொல்லப்போவது இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு மிக நெருக்கமான விஷயம். அரசாங்கத் தகவலில் முதலில் பார்க்க வேண்டியது அதன் தேதி. ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். மத்திய சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்வது பற்றி முயிஸின் பத்வாக் குழு 1971இல் ஒரு விளக்கம் தந்தது. நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்று ஃபராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டியவர் என்பது அதன் சாரம். 2010இல் அக்குழு மறுபடி ஆராய்ந்து, அத்தகைய நியமனத்தை ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாக, ஏற்கலாம் என்று முடிவு செய்தது. இரண்டும் தாளில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் இரண்டும் சுற்றுகின்றன, தேதி இல்லாமல். ஒரே குடும்பத்தில் தம்பி ஒன்றை அனுப்புவார், அக்காள் மற்றதை அனுப்புவார், இருவரும் முயிஸ் சொன்னது என்றே சொல்வார்கள். இருவர் சொல்வதும் உண்மை! நாற்பது ஆண்டு இடைவெளிதான் விடுபட்டுப் போனது. நாங்கள் மார்க்கத் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்லர், அதற்கு ஹஜ்ரத்மார்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் போகும் முன்பு கையில் இருப்பது எந்த ஆண்டுத் தாள் என்று பாருங்கள் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு. முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் 1966ஆம் ஆண்டினது, முயிஸ் அமைந்தது 1968இல். அன்று முதல் அந்தச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் சட்டத் தளத்தில் இன்று நடப்பில் உள்ள வடிவம் முழுமையாக, இலவசமாக இருக்கிறது. நண்பர் அனுப்பிய படத்தை விடுத்து அதைத் திறந்து பாருங்கள்.

கபுருகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1998 நவம்பர் முதல் நடப்பில் இருக்கும் கொள்கைப்படி, சுவா சூ காங்கில் அடக்கத் தலத்தின் தவணை 15 ஆண்டு. அதன்பின் கபுரு தோண்டி எடுக்கப்பட்டு, முஸ்லிம்களைப் பொறுத்தவரை மார்க்க முறைப்படி சிறிய இடத்தில் மறுபடி அடக்கம் செய்யப்படுகிறது. இந்த நிலமில்லாத ஊரில் அதன் காரணம் நமக்குத் தெரியும். எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில் அடக்கம் செய்யப்பட்டவை எடுக்கப்படுகின்றன என்று தேசிய சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே பத்திரிகையிலும் தன் தளத்திலும் அறிவிக்கிறது. குடும்பத்தார் குறிப்பிட்ட நாளுக்குள் பதிந்துகொள்ள வேண்டும். பிடாடாரியில் 2001 முதல் கபுருகள் எடுக்கப்பட்டபோதும் இதேபோல் அறிவிப்புகள் வந்தன.

அந்த அறிவிப்பு யார் கண்ணில் படும்? அன்று அடக்கத்தை முன்னின்று நடத்திய மூத்த மகன் இன்று இல்லாமல் இருக்கலாம். வீடு மாறியிருக்கும், தொலைபேசி எண் மாறியிருக்கும். பேரப்பிள்ளைகள் தமிழ்ப் பத்திரிகையும் வாங்குவதில்லை, ஆங்கிலப் பத்திரிகையின் அறிவிப்புப் பக்கத்தையும் புரட்டுவதில்லை. பதிவுக்காலம் முடிந்தபின் “எங்கள் அத்தாவின் கபுரு எங்கே?” என்று கேட்டு எங்கள் மேசை முன்னால் நின்றவர்கள் இருக்கிறார்கள். பதிவுகளைப் பார்த்து இடம் சொல்ல அதிகாரிகளால் முடியும், உதவியும் செய்கிறார்கள். ஆனால் அருகில் நின்று துஆ கேட்டிருக்க வேண்டிய நாள் கடந்து போயிருக்கும். ஆகவே வீட்டுக்கு ஒருவரையாவது இந்த வேலைக்கு நியமியுங்கள். அடக்கம் செய்த நாள், பகுதி, கபுரு எண், மரணச் சான்றிதழின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதை இரண்டு பிள்ளைகளின் கையில் கொடுத்து வையுங்கள். 2022 மே மாத இறுதி முதல் மரணச் சான்றிதழ் மின்வடிவில்தான் வருகிறது. இறக்கி வைத்த கோப்பு யாருடைய கைப்பேசியில் இருக்கிறது என்பதும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கத்தின் மகளிர் பிரிவினர் மோசடிக் குறுஞ்செய்திகளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2024 ஜூலை முதல் அரசாங்க அமைப்புகள் அனுப்பும் குறுஞ்செய்திகள், சில விதிவிலக்குகள் தவிர, ‘கவ் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரிலிருந்துதான் வருகின்றன. இணைய முகவரியின் முடிவைப் பாருங்கள். கவ், புள்ளி, எஸ்ஜி என்று முடிந்து, அதற்குப்பின் சாய்கோடு வந்தால் நம்பலாம். முகவரியின் நடுவில் எங்கோ அந்த எழுத்துகள் இருப்பது போதாது. சிங்பாஸ் மறைச்சொல்லை மகன் கேட்டாலும் சொல்லாதீர்கள். மகன் கோபித்துக்கொண்டால் நூலகத்தில் சொன்னார்கள் என்று எங்கள் மேல் பழியைப் போடுங்கள்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. 1948இல் கொடுத்த காகித அடையாள அட்டை, 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் பாட்டனார் பெற்ற சான்றிதழ் போன்ற தனிமனிதப் பதிவுகளை எந்தத் தளத்திலும் எல்லாரும் பார்க்கும்படி போடமாட்டார்கள், போடவும் கூடாது. அவற்றின் ஒரே படி உங்கள் வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கலாம். இன்று காலை ஒரு பெரியவர் எங்களிடம் அப்படி ஒன்றைக் காட்டினார். மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தது. ஒட்டுநாடா வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். அமிலமில்லாத உறையில் விரித்து வையுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றுங்கள். படங்களின் பின்னால் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதுங்கள்.

இப்போது சங்கத்தின் காகிதங்கள். அரசாங்கம் தன் தாளைத் தன் தேவைக்காக வைத்திருக்கிறது. சங்கம் பதிவானதும், சட்டவிதிகள் திருத்தப்பட்டதும், ஆண்டுக் கணக்கு ஒப்படைத்ததும் அதில் இருக்கும். முதல் ஆண்டில் மையத்துச் செலவுக்கு யார் வீட்டில் கூடிப் பேசினார்கள், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு யார் மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், பெண்களைக் கூட்டத்துக்கு அழைப்பதா என்று எத்தனை மணி நேரம் வாதாடினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அது உங்கள் கூட்டக் குறிப்புகளில்தான் இருக்கும்.

சங்கங்களின் ஆவணங்களைப் பார்க்கும்போது எங்களுக்கு ஒரு விநோதம் தெரிகிறது. மிகப் பழைய ஆண்டுகளின் குறிப்புகள் நன்றாக இருக்கின்றன. கோடு போட்ட தடித்த நோட்டு, மையினால் எழுதிய தமிழ், அடியில் தலைவரின் கையெழுத்து. கடைசிப் பத்து ஆண்டுகள்தான் காலியாக இருக்கின்றன! முடிவுகள் வாட்ஸ்அப் குழுவில் எடுக்கப்பட்டன. அழைப்பிதழ் ஒரு படமாகச் சுற்றிவிட்டு மறைந்தது. செயலாளர் கைப்பேசி மாற்றினார், அதோடு ஓர் ஆண்டு போனது. ரசீதுகள் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வந்தவை, எழுத்து மறைந்து வெள்ளையாகிவிட்டன. 1975ஆம் ஆண்டின் கணக்கைப் படிக்க முடிகிறது, 2015ஆம் ஆண்டின் கணக்கைப் படிக்க முடியவில்லை. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் முக்கியமானவற்றை அச்செடுத்துக் கோப்பில் போட்டால் போதும். அந்த ஒருவர் எப்போதும் செயலாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

வரவிருக்கும் பொன்விழா மலரைப் பற்றி ஒன்று. 1886இல் வந்த சட்டத்தின் பேரப்பிள்ளை இன்றும் உயிரோடு இருக்கிறது. சிங்கப்பூரில் பொது விநியோகத்துக்காக வெளியிடும் எந்த அச்சு நூலுக்கும் இரண்டு படிகளை, வெளிவந்த நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். இலவசமாகக் கொடுக்கும் மலருக்கும் இது பொருந்தும். கடந்த ஆண்டுகளில் நம் சமூகச் சங்கங்கள் வெளியிட்ட ஆண்டு மலர்கள் பல எங்கள் பட்டியலில் இல்லை. உங்களிடம் பழைய மலர் ஏதும் இருந்தால், அட்டை கிழிந்திருந்தாலும், தயவுசெய்து காட்டுங்கள். சங்கத்தின் இணையத்தளம் எஸ்ஜி என்று முடியும் முகவரியில் இருக்குமானால் நல்லது. 2018இல் திருத்தப்பட்ட நூலக வாரியச் சட்டம் அத்தகைய தளங்களைத் தனியே அனுமதி கேட்காமலே சேகரித்து வைக்க வழி செய்திருக்கிறது. அந்தத் திருத்தம் 2019 முதல் நடப்பில் உள்ளது.

மலரில் படங்கள் போடும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ‘சங்க உறுப்பினர்கள்’ என்று மட்டும் படத்தின் கீழ் போட்டுவிடாதீர்கள். இடமிருந்து வலமாகப் பெயர்களை, தமிழிலும் ஆங்கிலத்திலும், அவரவர் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலோடு போடுங்கள். பின்வரிசையில் பாதி முகம் தெரிகிறவரையும் விட்டுவிட வேண்டாம். பெண்களின் பெயரை ‘திருமதி இன்னார்’ என்று கணவர் பெயரில் மறைக்காமல் அவர்கள் பெயரிலேயே போடுங்கள். அரசிதழ்களில் நம் பாட்டிமார்களின் பெயரைத் தேடித் தேடி நாங்கள் களைத்துப்போனது எங்களுக்குத்தான் தெரியும்.

மண்டபத்தின் பின்புறம், குளிர்பான மேசைக்குப் பக்கத்தில், இரண்டு மடிக்கணினிகளும் ஒரு வருடியும் வைத்திருக்கிறோம். அஸர் வரை நாங்கள் அங்கே இருப்போம். படமோ தாளோ கொண்டு வந்தவர்கள் வரலாம், வருடிவிட்டு உடனே கையில் திருப்பித் தந்துவிடுவோம். கொண்டு வராதவர்கள் பாட்டனாரின் பெயர், ஊர், கடை இருந்த தெரு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தெருவின் பெயர் தெரியாவிட்டால் பக்கத்தில் என்ன இருந்தது என்றாவது உங்கள் உம்மாவிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வந்தாலும் சரிதான், கை கழுவிவிட்டு வந்தால் போதும்.